வாட்டர் கேரியர்: எடுபிடியா, சுமைதாங்கியா?

கால்பந்து வர்ணனையில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘வாட்டர் கேரியர்’. நேர்ப்பொருள் தண்ணீர் சுமப்பவர். எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்து, பக்கத்தில் நிற்கும் திறமைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, தன் இடத்துக்குத் திரும்பிவிடும் நடுக்கள ஆட்டக்காரரை இப்படிச் சொல்கிறார்கள். கோல் போட்டவர் பட்டியலில் இவர் பெயர் அபூர்வம். கோலுக்குக் கடைசிப் பாஸ் கொடுத்தவர் பட்டியலிலும் தேட வேண்டும். ஆட்டம் முடிந்து ஐந்து நிமிடத் தொகுப்பு பார்த்தால் அவர் களத்தில் இருந்தாரா என்றே சந்தேகம் வரும்.

இந்தச் சொல்லை அப்படியே மொழிபெயர்த்தால் தமிழில் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊரில் விளையாட்டு என்றால் பெரும்பாலும் கிரிக்கெட். ‘தண்ணி பாட்டில் தூக்குறவன்’ என்றால், பதினோரு பேரில் இடம் கிடைக்காமல் இடைவேளையில் பாட்டிலோடு ஓடி வருபவன் என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். கால்பந்தின் வாட்டர் கேரியரோ அணியிலிருந்து எளிதில் நீக்க முடியாத ஆள். பயிற்சியாளர் தாளில் முதலில் எழுதும் இரண்டு மூன்று பெயர்களில் அவர் பெயரும் இருக்கும். ஆக, ‘தண்ணீர் சுமப்பவர்’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும்.

சொல்லின் வேர் பிரெஞ்சில் இருக்கிறது. அங்கே ‘போர்த்தர் தோ’ என்பார்கள். பாரிஸில் வீட்டுக்கு வீடு குழாய் வருவதற்கு முன்பு, ஆற்றிலும் நீரூற்றிலும் மொண்டு மாடி மாடியாக ஏறித் தண்ணீர் விற்றவர்களின் தொழிற்பெயர் அது. ஓவெர்ன் மலைப் பகுதியிலிருந்து பிழைக்க வந்தவர்கள் இந்த வேலையில் நிறைய இருந்தார்கள். தொழில் மறைந்த பிறகும் சொல் சைக்கிள் பந்தயத்தில் தங்கிவிட்டது. டூர் டி பிரான்ஸ் போன்ற நெடும்பந்தயங்களில் அணித் தலைவருக்காகவே ஓட்டும் துணை ஆட்கள் உண்டு. அவர்களில் ஒருவர் வேகத்தைக் குறைத்துப் பின்னால் வரும் அணியின் காருக்குப் போவார், சட்டையின் முதுகுப்புறப் பைகளிலும் சட்டைக்குள்ளும் பாட்டில்களைத் திணித்துக்கொள்வார், அந்தக் கனத்தோடு மிதித்து முன்னேறித் தலைவரிடம் சேர்ப்பார். மேட்டில் எதிர்காற்று அடித்தால் தலைவருக்கு முன்னால் போய்க் காற்றையும் தான் வாங்கிக்கொள்வார். மேடையில் ஏறுவது தலைவர் மட்டும்.

இதே ஆளுக்குச் சைக்கிளில் ‘டொமெஸ்டிக்’ என்றொரு பெயரும் உண்டு. வீட்டு வேலைக்காரன் என்று பொருள். அதன் பிறப்பே திட்டிலிருந்துதான். 1911 டூரில் மொரிஸ் பிராக்கோ என்பவர் வேறொரு போட்டியாளருக்கு உதவி செய்ய முன்வந்ததைக் கண்டு, பந்தயத்தை நடத்திய ஆன்ரி தெக்ராஞ்ச் கடுப்பாகி, அவரை வேலைக்காரன் என்று எழுதினார். மறுநாள் பிராக்கோ தனக்காகவே ஓட்டி அந்தக் கட்டத்தை ஜெயித்துக் காட்டினார். அதற்குப் பரிசு, பந்தயத்திலிருந்து நீக்கம். இத்தாலியர்கள் ‘கிரெகாரியோ’ என்கிறார்கள். மந்தையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. ரோமானியப் படையில் பதவி எதுவும் இல்லாத சாதாரணச் சிப்பாய்க்கும் அந்த அடைமொழிதான். எந்த மொழியிலும் இந்த ஆளுக்கு மரியாதையான பெயர் வைத்துத் தொடங்கியதாகத் தெரியவில்லை.

கால்பந்தில் சொல்லைப் பிரபலமாக்கியது ஒரு வாய்த்தகராறு. 1996இல் மான்செஸ்டர் யுனைடெட் நட்சத்திரம் எரிக் கான்டோனா, சக பிரெஞ்சுக்காரரான திதியே தெஷாமைப் பற்றி, அவர் வெறும் தண்ணீர் சுமப்பவர், இந்த மாதிரி ஆள் எந்தத் தெருமுனையிலும் கிடைப்பான் என்ற பொருளில் பேசினார். பின்னணி இல்லாமல் இல்லை. 1995இல் ரசிகர் ஒருவரை எட்டி உதைத்துத் தடை வாங்கிய பிறகு கான்டோனாவுக்குத் தேசிய அணிக் கதவு திறக்கவே இல்லை. அவர் கையில் இருந்த தலைமைப் பட்டை கடைசியில் தெஷாம் கைக்கு வந்தது.

தெஷாமின் பதில் ரொம்பச் சுருக்கம்: இரண்டு ஐரோப்பியக் கோப்பை (கிளப்களுக்கானது) வென்றவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? 1993இல் மார்செய் அணியோடும் 1996இல் யுவென்டஸ் அணியோடும் அவர் வென்றிருந்தார். கான்டோனாவிடம் அந்தக் கோப்பை ஒன்றுகூட இல்லை. அப்புறம் 1998 உலகக் கோப்பை. இறுதி ஆட்டத்தில் பிரேசிலுக்கு எதிராக பிரான்ஸின் நட்சத்திரம் ஜிடேனுக்குப் பின்னால் நடுக்களத்தில் நின்றவர்கள் தெஷாம், பெட்டி, கரெம்பு. மூவருமே இந்த ரகம். மூன்றுக்குப் பூஜ்யம், ஜிடேன் தலையால் முட்டிய இரண்டு கோல்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். கோப்பையை முதலில் தூக்கியவர் அணித் தலைவர் தெஷாம். 2000இல் ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கோப்பை, 2018இல் பயிற்சியாளராக இன்னோர் உலகக் கோப்பை. ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் அதை வென்றவர்கள் அதற்கு முன் பிரேசிலின் ஜகாலோவும் ஜெர்மனியின் பெக்கன்பவரும்தான்.

இதற்குப் பிறகு வாட்டர் கேரியர் என்ற சொல்லின் சுருதியே மாறிவிட்டது. இப்போது வர்ணனையாளர் அதைச் சொன்னால் பாதி பாராட்டு. ஆனாலும் அந்த மீதிப் பாதி இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

மகேலேலேயின் கதையில் அது தெரியும். கின்ஷாசாவில் பிறந்து பிரான்ஸுக்கு ஆடிய கிளாட் மகேலேலே, 2000 முதல் மூன்று ஆண்டுகள் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கிளப்பில் இருந்தார். இடப்பக்கம் ராபர்ட்டோ கார்லோஸ் தற்காப்பு வீரர் என்று பெயருக்கு இருப்பார். கால் எதிரணிக் கோலை நோக்கியே ஓடும். ஃபிகோ, ஜிடேன், ரவுல் யாரும் பின்னால் ஓடி வருவதில் பேர்போனவர்கள் இல்லை. கார்லோஸ் மேலே போனதும் மகேலேலே பத்துப் பதினைந்து அடி இடப்பக்கம் நகர்ந்து அந்த ஓட்டையில் நிற்பார். பந்து அங்கே வரும். காலை நீட்டிப் பறிப்பார், தலையைத் தூக்கி ஜிடேன் எங்கே என்று பார்ப்பார், ஐந்தாறு கஜத்தில் ஒரு பாஸ். அவ்வளவுதான். தொண்ணூறு நிமிடமும் இதே வேலை. 2003இல் சம்பளத்தை உயர்த்திக் கேட்டார், கிளப் மறுத்தது, இங்கிலாந்தின் செல்சி கிளப்புக்குப் போய்விட்டார். அதே கோடையில் இங்கிலாந்து நட்சத்திரம் பெக்காம் மாட்ரிட்டுக்கு வந்து இறங்கினார். ஜெர்சி விற்றது. ஆனால் லீகில் அடுத்த ஆண்டு மாட்ரிட்டுக்கு நான்காவது இடம். மறுபடி சாம்பியன் ஆக 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செல்சியோ 2004–05இல் 38 ஆட்டங்களில் 15 கோல்கள் மட்டுமே வாங்கி லீகை வென்றது. அந்த இடத்துக்கே ‘மகேலேலே ரோல்’ என்று பெயர் வந்துவிட்டது.

ஒருவர் பெயர் பொதுப்பெயராவது இதில் புதிதல்ல. பிரேசிலில் தற்காப்பு நடுக்கள வீரரை ‘வோலான்டே’ என்பார்கள். 1930களின் இறுதியில் ஃபிளமெங்கோ கிளப்புக்கு ஆட வந்த அர்ஜென்டினர் கார்லோஸ் வோலான்டேயின் குடும்பப்பெயர் அது. இன்று அந்தச் சொல்லைச் சொல்பவர்களில் பலருக்கு அப்படி ஓர் ஆள் இருந்ததே தெரியாது.

அதே பிரேசிலில் இந்த வேலைக்கு இன்னும் அழகான பெயர் ஒன்று உண்டு: பியானோ தூக்கி. வாசிப்பவர் வேறு, மேடைக்குத் தூக்கிக்கொண்டு வருபவர் வேறு. 2002 உலகக் கோப்பையில் ரொனால்டோ, ரிவால்டோ, ரொனால்டினோ வாசிக்கத் தூக்கியவர் கில்பர்ட்டோ சில்வா. அணித் தலைவர் எமர்சன், பயிற்சியில் விளையாட்டாகக் கோல்கீப்பராக நின்று தோளைப் பெயர்த்துக்கொண்டதால் கிடைத்த இடம் அது.

சரி, தமிழில் என்ன சொல்வது?

கான்டோனா சொன்ன தொனிக்குச் சொல் தேடவே வேண்டாம், ‘எடுபிடி’ கச்சிதமாகப் பொருந்தும். எடு என்றால் எடுக்கவும் பிடி என்றால் பிடிக்கவும் நிற்பவன். தண்ணீர் சுமப்பதில் இருக்கும் இளக்காரம் முழுவதும் அதில் இருக்கிறது. ‘சித்தாள்’ கொஞ்சம் நெருங்கி வருகிறது. கொத்தனாருக்குக் கலவை எடுத்துக் கொடுக்காவிட்டால் சுவர் எழும்பாது. ஆனால் சித்தாள் என்றால் இன்னும் தொழில் பழகாதவர் என்ற தொனியும் கூடவே வரும். தெஷாம் பழகுநர் இல்லை. ‘பல்லக்குத் தூக்கி’ என்றால் பிரேசில் சொல்லுக்கு நேர். ஆனால் நம் அரசியல் அந்தச் சொல்லை ஜால்ராவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது, இனி மீட்க முடியாது. ‘தற்காப்பு நடுக்கள வீரர்’ என்பது இடத்தின் பெயர் மட்டுமே. ‘குறைத்து மதிப்பிடப்பட்ட வீரர்’ என்பது ‘அண்டர்ரேட்டட்’டின் மொழிபெயர்ப்பு, வாயில் நிற்காது.

என் ஓட்டு ‘சுமைதாங்கி’க்கு. பழைய சாலையோரங்களில் இரண்டு கல் நட்டு மேலே ஒரு பலகைக்கல் கிடத்தியிருப்பார்களே, அதுதான் மூலப்பொருள். கர்ப்பிணியாக இருக்கும்போதே இறந்த பெண்களின் நினைவாக நிறுத்தப்பட்டவை நிறைய. தலைச்சுமையோடு தனியாக நடப்பவர் மூட்டையைத் தரையில் இறக்கினால் மறுபடி தூக்கிவிட ஆள் வேண்டும். கல் தோளுயரத்தில் இருந்தால் தானே சரித்து வைக்கலாம், மூச்சு வாங்கிவிட்டுத் தானே தலைக்கு ஏற்றலாம். குடும்பத்தைத் தாங்கும் மூத்த பிள்ளையையும் நாம் இந்தப் பெயரால்தான் சொல்கிறோம். அடுத்தவர் கனத்தை வாங்கிக்கொள்வது, இடத்தைவிட்டு அசையாதது, இல்லாவிட்டால்தான் அருமை தெரிவது, மூன்றுமே மகேலேலேக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது.

மறுப்பும் சொல்லலாம். பிரெஞ்சு நடுக்கள வீரர் என்கோலோ கான்டே ஒரு இடத்தில் நிற்கிற ஆளா? 2016இல் லெஸ்டரோடும் 2017இல் செல்சியோடும் அடுத்தடுத்து லீக் வென்றபோது அவர் ஓடிய ஓட்டத்துக்குச் சுமைதாங்கி என்று பெயர் வைத்தால், கல்லே எழுந்து ஓடியதாகத்தான் அர்த்தம். இருந்துவிட்டுப் போகட்டும். உருவகத்தை அந்த அளவுக்கு இழுத்துப் பார்த்தால் எந்தக் கலைச்சொல்லும் தேறாது.

இன்னொரு வசதி, இந்தச் சொல்லுக்கு ஆண் பெண் விகுதி இல்லை. 2022 மகளிர் யூரோ இறுதி ஆட்டத்தில், வெம்ப்ளியில், இங்கிலாந்தின் நடுக்களத்தில் ஆழத்தில் நின்ற கீரா வால்ஷ், ஜெர்மனியின் தற்காப்பு வரிசையைத் தாண்டி ஒரு நெடும்பாஸ் போட்டார். எல்லா டூன் ஓடிப் பிடித்து, முன்னேறி வந்த கோல்கீப்பரின் தலைக்கு மேல் மெல்லத் தூக்கிப் போட்டார். மறுநாள் படங்களில் டூனும், கூடுதல் நேரத்தில் வெற்றி கோல் போட்ட குளோயி கெல்லியும். ஆட்ட நாயகி விருது வால்ஷுக்கு. ‘இங்கிலாந்தின் சுமைதாங்கி வால்ஷ்’ என்று அந்தச் செய்தியை எழுதினால் தமிழ் வாசகருக்கு அடிக்குறிப்பு தேவைப்படாது.