பெரிய செடான் ஏன் மிதக்குற மாதிரி ஓடுது?

அமெரிக்காவுல வாடகைக் கார் எடுக்கும்போது ஃபுல் சைஸ்னு ஒரு பிரிவு இருக்கும். அங்க அரசாங்கக் கணக்குப்படி உள்ள ஆள் உக்கார்ற இடமும் டிக்கியும் சேர்ந்து 120 கன அடி தாண்டினா அது பெரிய கார். எனக்குக் கிடைச்சது வி6 டாட்ஜ் சார்ஜர், லாஸ் ஏஞ்சல்ஸ்ல எடுத்து ஐ-15 நெடுஞ்சாலைல லாஸ் வேகாஸ் வரைக்கும் ஓட்டினேன். இன்ஜின் 292 குதிரைத்திறன், 8 கியர் ஆட்டோமேட்டிக், அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா மனசுல நின்னது அந்த ரைடு தாங்க.

அந்த ஊர் ஃப்ரீவேல நிறைய இடத்துல கான்கிரீட் ரோடு, சுமார் 15 அடிக்கு ஒரு ஜாயிண்ட் வரும். 65 மைல் வேகத்துல போனா செகண்டுக்கு 29 மீட்டர், அப்போ செகண்டுக்கு ஆறு தடவைக்கு மேல வீல் ஜாயிண்ட்ல தட்டுது. இதுல என்ன கொடுமைன்னா, மேலயும் கீழயும் வர்ற அதிர்வுல மனுஷ உடம்பு ரொம்பக் கஷ்டப்படுறதே செகண்டுக்கு 4ல இருந்து 8 தடவை ஆடும்போதுதான், இது சரியா அதுக்கு நடுவுல வந்து விழுது. சின்ன கார்ல போனா முதுகுக்குத் தெரியும். சார்ஜர்ல டப் டப்னு சத்தம் மட்டும் லேசா வந்துச்சு, சீட்டுல பெருசா ஒண்ணுமே இல்ல.

காரணம் ஸ்பிரிங்கோட சொந்தத் தாளம், அதாவது ஒரு தடவை அமுக்கி விட்டா அது தானா மேலயும் கீழயும் ஆடுற வேகம். சொகுசா ஓடுற செடான்ல அது செகண்டுக்கு ஒரு ஆட்டம், கொஞ்சம் கூட இருக்கலாம். ரோடு தட்டுற வேகம் அந்தத் தாளத்தை விட 1.41 மடங்கு தாண்டினாதான் ஸ்பிரிங் அதிர்வைக் குறைக்கவே ஆரம்பிக்கும், தாண்டத் தாண்ட நல்லாக் குறைக்கும். 25 செ.மீ. நூல்ல ஒரு கல்லைக் கட்டி ஆட்டிவிட்டுப் பாருங்க, செகண்டுக்கு ஒரு ஆட்டம் ஆடும். ஸ்பிரிங்குக்கும் அதே கணக்குதான், வண்டியோட சொந்த எடையிலயே 25 செ.மீ. அமுங்குற அளவுக்கு ஸ்பிரிங் மெத்துன்னு இருந்தா அந்தத் தாளம் வரும். 11 செ.மீ. மட்டும் அமுங்கினா ஒன்றரை ஆட்டம் ஆயிடும், ரைடு இறுகிடும். சார்ஜர் கிட்டத்தட்ட 1,800 கிலோ, அதனால நாலு பேர் ஏறினாலும் சின்ன கார் அளவுக்கு இந்தத் தாளம் மாறாது.

இதை விட அழகான விஷயம் ஒண்ணு இருக்கு. முன் வீல் மேட்டுல ஏறி கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் பின் வீல் ஏறும். சார்ஜர்ல ரெண்டு வீலுக்கும் நடுவுல 3.05 மீட்டர், அப்போ அந்த வேகத்துல பத்துல ஒரு பங்கு செகண்ட் வித்தியாசம். ரெண்டு பக்கமும் ஒரே தாளத்துல ஆடினா முன்னாடி தூக்கும்போது பின்னாடி இறங்கும், தலை முன்னும் பின்னும் ஆடும், இதுதான் நம்மளை ரொம்பப் படுத்துறது. ரோல்ஸ் ராய்ஸ்ல இருந்து ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போன இன்ஜினியர் மாரிஸ் ஆலி 1930கள்ல கெடிலாக் கார்ல எடைக்கட்டிகளை அங்கயும் இங்கயும் மாத்தி வெச்சு ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிச்சாரு, பின் ஸ்பிரிங் முன்னாடியை விடக் கொஞ்சம் வேகமா ஆடணும்னு. அப்படி இருந்தா லேட்டா ஆரம்பிச்ச பின்பக்கம் ஒரு ஆட்டத்துக்குள்ள முன்பக்கத்தை எட்டிப் பிடிச்சிரும், அப்புறம் வண்டி முழுசா ஒண்ணா மேல போயி ஒண்ணா கீழ வரும். ஆனா முன்பக்க ஸ்பிரிங்கை மெத்துன்னு ஆக்கினா முன் வீல் ரெண்டையும் சேர்த்துப் பிடிக்குற அந்தக் காலத்து ஒத்த அச்சுல வீல் கடகடன்னு உதறும், அதனாலதான் 1934 மாடல்கள்ல முன் வீல் ரெண்டும் தனித்தனியா ஏறி இறங்குற சஸ்பென்ஷன் வந்துச்சு. தொண்ணூறு வருஷம் ஆச்சு, அந்தக் கணக்கு இன்னும் மாறல, எனக்கு இது பெரிய ஆச்சரியம்.

இதுக்கு விலை உண்டு. திரும்பி வரும்போது கஹோன் பாஸ் மலைப்பாதை இறக்கத்துல ஸ்டீயரிங்கைத் திருப்பினா வண்டி ஒரு கணம் யோசிச்சுட்டுத்தான் மூக்கைத் திருப்புது. நடுப்புள்ளியில இருந்து எடை எவ்வளவு தள்ளி இருக்கோ அந்தத் தூரத்தோட வர்க்கத்துக்குத் தக்க திரும்ப மறுக்கும், நீள வண்டில அது தப்பவே முடியாது. பாலம் ஆரம்பிக்கிற இடத்துல வர்ற நீளமான பள்ளத்துலயும் ஒரு ஆட்டம் எக்ஸ்ட்ரா ஆடும், ஷாக் அப்சார்பரை இறுக்கினா அது நிக்கும், ஆனா ஜாயிண்ட் அடி உள்ள வந்துரும்.

எஸ்யூவில இந்த ரைடு கிடைக்குறது ரொம்பக் கஷ்டம். எடை உயரத்துல இருக்குறதால வளைவுல சாயாம இருக்க ஸ்பிரிங்கையோ ஆன்ட்டி ரோல் பாரையோ இறுக்கியே ஆகணும். செடான் தாழ்வா இருக்குறதாலதான் மெத்துன்னு இருக்க முடியுது. செவர்லேயோட பெரிய செடான் இம்பாலா தயாரிப்பு 2020ல நின்னுச்சு, இந்த சார்ஜர் 2023 டிசம்பர்ல கனடாவோட பிராம்ப்டன் ஆலையில நின்னுச்சு, எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பழசு ஏதாவது கைக்கு வந்தா ஒண்ணு மட்டும் கவனிங்க. டிக்கில கனமான பெட்டியைப் பின் ஓரத்துல வெச்சா பின் ஸ்பிரிங் மேல எடை கூடி அதோட ஆட்டம் மெதுவாயிரும், ஆலி சொன்ன கணக்கு கெட்டு வண்டி முன்னும் பின்னும் ஆட ஆரம்பிக்கும், அதனால பெட்டியை பின் சீட்டோட ஒட்டி வைங்க.