செவிலியர் பதிவில் ஏற்படும் தாமதம்: எல்லையோர வட்டங்களிலிருந்து சில குறிப்புகள்

நர்சிங் படிப்பில் தேர்ச்சி பெறுவது ஒன்று, செவிலியராகப் பணிபுரியும் தகுதியைப் பெறுவது வேறொன்று. மாநில நர்சிங் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகே ஒருவரைத் தனிப்பொறுப்புடன் வார்டில் நிறுத்த முடியும். சென்னை மாகாணத்தில் 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகவே இந்த ஏற்பாடு வந்துவிட்டது. நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர் பகுதியில் செவிலியர்களைப் பணியமர்த்தும் பொறுப்பில் இருக்கும் எனக்கு, தேர்ச்சிக்கும் பதிவுக்கும் இடையிலான காத்திருப்பே பெரிய சிக்கலாகத் தெரிகிறது. விண்ணப்பம் கவுன்சில் அலுவலகத்தில் தேங்குவதாகவே பலரும் எண்ணுகிறார்கள். நான் பார்த்த கோப்புகளில் பெரும்பாலானவை அங்கு போய்ச் சேர்வதற்கு முன்பே சிக்கலில் மாட்டியிருந்தன.

இங்குள்ள பிள்ளைகள் பலர் மைசூரு, பெங்களூரு அல்லது கேரளத்துக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். சேரம்பாடி, எருமாடு பக்கத்தவர்களுக்கு ஊட்டியைவிடக் கேரளத்தின் சுல்தான் பத்தேரி அருகில் இருப்பதால் அது இயல்பானதே. ஆனால், வெளிமாநிலத்தில் படித்தவர் அந்த மாநிலக் கவுன்சிலில் முதலில் பதிந்து, அங்கிருந்து தடையின்மைச் சான்றும் பதிவுச் சரிபார்ப்பும் பெற்ற பிறகே தமிழ்நாட்டில் பதிய முடியும். இதை அறியாமல், மதிப்பெண் பட்டியலை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள் அதிகம். திருமணத்துக்குப் பிறகோ குழந்தை பிறந்த பிறகோ வேலை தேடும்போதுதான், முதல் பதிவையே இனித்தான் தொடங்க வேண்டும் என்பது தெரியவருகிறது.

அடுத்தது, எல்லாவற்றிலும் பெரியது, பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும். வெளிமாநிலப் பல்கலைக்கழகச் சான்றிதழில் அதே இனிஷியல் தந்தை பெயராக விரிந்து பின்னால் நிற்கும். திருமணத்துக்குப் பின் திருத்திய ஆதாரில் கணவரின் இனிஷியல் வந்திருக்கும். மூன்றும் ஒருவரே என்று அலுவலர் தாமாக முடிவு செய்ய முடியாது, செய்யவும் கூடாது. (ஒரே ஹட்டியில், அதாவது ஒரே மலையூரில், ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் கொண்ட இருவர் நர்சிங் படித்திருப்பது இந்த மலையில் அதிசயமில்லை.) இறுதியாண்டிலேயே இந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்தால், கல்லூரி முதல்வரின் கடிதத்தோடு பல்கலைக்கழகத்தில் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. பட்டம் வந்த பிறகு பிரமாணப் பத்திரம், அரசிதழ் அறிவிப்பு, திருத்தக் கட்டணம், பயணம் என்று அது வளர்ந்துகொண்டே போகிறது. ஆகவே நான்காம் ஆண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு மாணவியின் ஆவணங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதைக் கல்லூரிகள் தங்கள் கடமையாகவே கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வெளிநாடு செல்ல விரும்புவோருக்கு இதே தாமதம் பணத்தையும் தின்கிறது. பிரிட்டனின் செவிலியர் கவுன்சிலில் சேர ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கில மொழித் தேர்வில் கேட்டல், படித்தல், பேசுதல் ஆகியவற்றில் 7, எழுதுதலில் 6.5 தேவை, அந்த மதிப்பெண் 2 ஆண்டுகளே செல்லும். தேர்வை முதலில் எழுதிவிட்டு, அதன் பிறகு பல்கலைக்கழக டிரான்ஸ்கிரிப்டுக்கும் (படித்த பாடங்கள், மதிப்பெண்களின் விவரச் சான்று) கவுன்சில் சரிபார்ப்புக்கும் அலைபவர், சான்று கைக்கு வரும் முன்பே மதிப்பெண்ணை இழக்க நேரிடலாம். பெயர்த் திருத்தமும் பதிவும் முடிந்த பிறகே தேர்வுக் கட்டணம் கட்டுவது நல்லது.

வெளிநாட்டில் படித்து இங்கே வருவோர் குறைவு. 1947-ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம், வெளிநாட்டில் பதிவுபெறும் தகுதியுள்ள இந்தியக் குடிமக்களை மத்தியக் கவுன்சிலின் ஒப்புதலோடு மாநிலப் பதிவேட்டில் சேர்க்க வழி செய்தது. அச்சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் தேசிய செவிலியர் மற்றும் மகப்பேறுப் பணி ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. எந்தச் சட்டமாக இருந்தாலும், இவர்கள் விமானம் ஏறும் முன்பே, படித்த நாட்டின் பதிவு நிறுவனத்திலிருந்து நன்னிலைச் சான்றை (பதிவு நல்ல நிலையில் இருப்பதற்கான சான்றை) வாங்கி வைத்துக்கொள்வது முக்கியம்.

அலுவலகங்கள் செய்யக்கூடியதும் உண்டு. குறையுள்ள ஆவணங்களை ஒவ்வொன்றாகக் கேட்காமல், முதல் கடிதத்திலேயே அனைத்தையும் குறிப்பிட்டால் மலையிலிருந்து அனுப்புகிறவருக்குப் பல வாரங்கள் மிச்சமாகும். செவிலியருக்குத் தேசிய அளவில் ஒரே அடையாள எண் வழங்கும் ஏற்பாடு இருக்கும்போது, கர்நாடகப் பதிவைச் சென்னையில் திரையிலேயே சரிபார்க்க முடிந்தால், இரண்டு கவுன்சில்களுக்கிடையே கடிதம் நடைபோட வேண்டியதில்லை. சரிபார்ப்பைத் தளர்த்துவதற்கு மட்டும் நான் உடன்படமாட்டேன். போலிச் சான்றிதழோடு ஒருவர் ஊசி போடும் இடத்துக்கு வந்துவிட்டால் விலை கொடுப்பவர் நோயாளி.

ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025-இல் 700 படுக்கைகளுடன் திறக்கப்பட்டபின் மாவட்டத்தில் செவிலியர் தேவை கூடியிருக்கிறது. பதிவுக்காகக் காத்திருப்பவர்களோ சிறு மருத்துவமனைகளில் உதவியாளர் சம்பளத்தில் நிற்கிறார்கள். இந்த அவசரத்தை நம்பித்தான் 'ஒரே வாரத்தில் பதிவு' என்று சொல்லும் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். அவர்களிடம் அசல் சான்றிதழ்களை ஒப்படைக்காதீர்கள். விண்ணப்ப எண்ணையும் கட்டண ரசீதையும் உங்கள் பெயரிலேயே, உங்கள் கைப்பேசி எண்ணிலேயே வைத்திருங்கள். பதில் வராதபோது கவுன்சிலை நேரடியாகக் கேட்க அவை இரண்டும் போதும்.