கேஷ்: பதுங்கும் கோப்புகளுக்குத் தமிழில் என்ன பெயர்?

விடுமுறைக்கு வந்த அண்ணன் மகளின் கையில் 32 ஜிபி டேப் ஒன்று. வந்த இரண்டாம் நாளே, "அத்தை, ஃபுல்லுன்னு காட்டுது. ஒரு போட்டோகூட எடுக்க முடியலை" என்று நீட்டினாள். அமைப்புகளுக்குள் போய்ச் சேமிப்பகத்தைத் திறந்து பார்த்தேன். படமும் வீடியோவும் சேர்ந்து 4 ஜிபியைத் தாண்டவில்லை. ஆனால் ஒரே ஒரு வீடியோ செயலி மட்டும் 3 ஜிபிக்கு மேல் பிடித்து உட்கார்ந்திருந்தது. உள்ளே நுழைந்தால், செயலியின் சொந்த எடை 150 எம்பி சொச்சம்தான். பாக்கி முழுவதும் 'கேஷ்' என்ற பெயரில் இருந்தது.

"நான் எதையும் டவுன்லோட் பண்ணவே இல்லையே!" என்றாள். உண்மைதான். அவள் எதையும் எடுத்து வைக்கவில்லை. மறுபடி கேட்டால் சட்டென்று காட்டலாம் என்று, செயலிதான் அவளுக்குத் தெரியாமல் எடுத்து வைத்திருக்கிறது. அந்தத் 'தெரியாமல்' இந்தச் சொல்லின் வேரிலேயே இருக்கிறது.

முதலில் உச்சரிப்பு. செல்போன் கடைகளில் 'கேச்சி', 'கேட்ச்', 'கேச்சே' என்று விதவிதமாகக் கேட்கலாம். ஆங்கிலத்தில் பணத்தைக் குறிக்கும் கேஷை எப்படிச் சொல்கிறார்களோ அப்படித்தான் இதையும் சொல்கிறார்கள். எழுத்து வேறு, பிறப்பும் வேறு. பணத்தைக் குறிக்கும் கேஷ், 'பெட்டி' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. (தென்னிந்தியச் சில்லறை நாணயத்தைக் குறிக்க வெள்ளைக்காரர்கள் எழுதிய 'கேஷ்' நம்முடைய காசு என்ற சொல்தான், போர்த்துகீசியர் வாய்வழியாகப் போனது. அது தனிக் கதை.) நம் டேப்பில் இருக்கும் கேஷ் பிரெஞ்சுச் சொல். 'காஷே' என்றால் அந்த மொழியில் ஒளித்து வை என்று பொருள். அதற்கும் முந்தைய லத்தீன் வேருக்கு 'நெருக்கி அமுக்கு' என்று பொருள். சந்துபொந்தில் அமுக்கி ஒளிப்பது கண்ணுக்குத் தெரிகிறது, இல்லையா?

இதை ஆங்கிலத்துக்குள் கொண்டுவந்தவர்கள் வட அமெரிக்கக் காடுகளில் கண்ணி வைத்துத் தோல் சேர்த்த பிரெஞ்சு-கனடிய வேட்டைக்காரர்கள். எல்லாவற்றையும் சுமந்துகொண்டு மாதக்கணக்கில் நடக்க முடியாது. திரும்பும் வழியில் எடுத்துக்கொள்ளலாம் என்று மாவையும் வெடிமருந்தையும் தோலையும் மண்ணுக்குள் ஒளித்துவிட்டுப் போவார்கள். கொலராடோவில் ஓர் ஆற்றின் பெயரே 'காஷ் லா பூத்ர்', அதாவது 'வெடிமருந்தை ஒளித்து வை'.

அந்தக் குழியை எப்படித் தோண்டுவது என்று 1805இல் மெரிவெதர் லூயிஸ் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு வழி தேடிப்போன லூயிஸ்-கிளார்க் பயணத்தின் தலைவர்களில் ஒருவர் அவர். இருபது அங்குல விட்டத்தில் வட்டமாகப் புல்தரையைப் பெயர்த்து, அது கலையாமல் ஓரமாக வைக்க வேண்டும். ஓரடி ஆழம் நேராகத் தோண்டிவிட்டு, அப்புறம் பானை வயிறு போல அகட்டிக்கொண்டே ஆறேழு அடி இறங்க வேண்டும். தோண்டிய மண்ணைத் துணியில் அள்ளிக்கொண்டு போய் ஆற்றில் கொட்டிவிட வேண்டும். பக்கத்தில் குவித்தால் காட்டிக்கொடுத்துவிடும். அடியில் காய்ந்த குச்சி பரப்பிப் பொருளை வைத்து, மேலே பெயர்த்த புல்லையே திரும்ப மூடிவிட்டால் முடிந்தது. மேலே நடந்து போகிறவனுக்குக் காலடியில் என்ன இருக்கிறது என்றே தெரியாது.

மறு ஆண்டு ஜூலையில் திரும்பி வந்து ஒரு குழியைத் திறந்தபோது, ஆற்று வெள்ளம் உள்ளே ஊறியிருந்தது. கரடித் தோல்கள் போயின. அவர் பார்த்துப் பார்த்துச் சேர்த்த செடி மாதிரிகளும் போயின. ஒளித்து வைத்தது கெட்டுப்போகும் என்பதும் இந்தச் சொல்லோடு சேர்ந்தே வருகிறது போல. செயலி திறந்த கையோடு மூடிக்கொள்கிறது, பழைய பக்கத்தையே காட்டிக்கொண்டிருக்கிறது என்றால் 'கேஷை அழித்துப் பாருங்கள்' என்று சொல்வதும் இந்தக் கெட்டுப்போன சரக்கை வெளியே எறியத்தான்.

காட்டிலிருந்து கணினிக்கு இச்சொல் வந்தது 1960களின் பிற்பகுதியில். பெரிய நினைவகம் மெதுவாக வேலை செய்யும். வேகமான நினைவகமோ விலை அதிகம். ஆகவே அடிக்கடி தேவைப்படுவதை மட்டும் ஒரு சிறு வேக நினைவகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையைப் பிரிட்டனின் மாரிஸ் வில்க்ஸ் 1965இல் எழுதினார். அவர் வைத்த பெயர் 'அடிமை நினைவகம்'. நல்லவேளை, அது நிலைக்கவில்லை. ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம்/360 மாடல் 85 கணினியில் இதே உத்தியைக் கொண்டுவந்தபோது, பொறியாளர்கள் கட்டுரையில் 'மிகுவேக இடையகம்' என்று எழுதியிருந்தார்கள். நிறுவனத்தின் ஆய்விதழ் ஆசிரியர் லைல் ஜான்சனுக்கு அது சப்பென்று இருந்திருக்கிறது. வேறு பெயர் கேட்டார், யாரும் தரவில்லை, 'கேஷ்' என்று அவரே போட்டார். 1968இல் கட்டுரை அச்சாகி, பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தக் கணினியின் கேஷ் 16 கிலோபைட், அதிகபட்சம் 32. எங்கள் வீட்டுப் பெண்ணின் டேப்பில் ஒரே செயலி சேர்த்து வைத்திருந்தது அந்த 16ஐப் போல ஏறக்குறைய 2 லட்சம் மடங்கு.

நம் வீட்டில் இதற்குச் சரியான உவமை அஞ்சறைப் பெட்டி. கடுகு மூட்டை பரணில் இருக்கட்டும். தாளிக்கும்போது ஏணி போட முடியுமா? கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பிடி கடுகு, ஒரு பிடி சீரகம். செயலியும் இதைத்தான் செய்கிறது. பார்த்த வீடியோவின் துண்டு, அதன் முகப்புப் படம், நேற்று விரித்த வரைபடத்தின் கட்டங்கள் எல்லாவற்றையும் கைப்பக்கம் வைத்துக்கொள்கிறது. மறுபடி கேட்டால் இணையத்துக்கு ஓட வேண்டாம். ஒரே வித்தியாசம், அஞ்சறைப் பெட்டிக்கு அறை அத்தனைதான். செயலியின் பெட்டிக்கு விளிம்பு அவ்வளவு கறாராக இல்லை. 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு பங்கு உண்டு, இடம் தட்டும்போது பங்கை மீறியவர்களின் சரக்கு முதலில் அழியும். ஆனால் இடம் தட்டுகிற வரை சேரத்தான் செய்யும்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

கருவிகளின் தமிழ் முகப்பில் அதிகம் காண்பது 'தற்காலிகச் சேமிப்பு'. எனக்கு இது பிடிக்கவில்லை. தற்காலிகக் கோப்பு என்பது கணினியில் வேறொன்று; ஒரு வேலை நடக்கும்போது பிறந்து, முடிந்ததும் சாக வேண்டியது. கேஷ் மாதக்கணக்கில் கிடக்கும். இது சின்னக் குறை. பெரிய குறை அந்தத் திரையிலேயே இருக்கிறது. ஒரு செயலியின் சேமிப்பகப் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் அடுத்தடுத்து இருக்கும்: ஒன்று 'தற்காலிகச் சேமிப்பை அழி', இன்னொன்று 'சேமிப்பகத்தை அழி' அல்லது 'டேட்டாவை அழி'. முதலாவதை அழுத்தினால் ஒன்றும் ஆகாது. இரண்டாவதை அழுத்தினால் செயலிக்குள் நுழைந்திருந்த கணக்கு வெளியேறிவிடும்; ஆட்டத்தில் தாண்டிய நிலைகள், செயலிக்குள் வரைந்த படம் என்று கருவியில் மட்டும் இருந்ததெல்லாம் காலி. உயிருக்கும் உமிக்கும் ஒரே வேரிலிருந்து பெயர் வைத்தால் அவசரத்தில் கை தவறத்தானே செய்யும்? எனக்கே தவறியிருக்கிறது. இடம் வேண்டும் என்ற வேகத்தில் குறிப்பெழுதும் செயலி ஒன்றில் இரண்டாவதை அழுத்தி, இரண்டு ஆண்டுக் குறிப்புகளைப் பறிகொடுத்தேன். அதில் அம்மா சொல்லச் சொல்ல எழுதிய வத்தக்குழம்புப் பொடியின் அளவும் இருந்தது.

'இடைமாற்று' என்றும் ஒரு சொல் உலவுகிறது. எதை எதோடு மாற்றுவது என்று விளங்கவில்லை. பஃபரை, அதாவது தரவு கைமாறும்போது இடையில் தங்கும் இடத்தைக் குறிக்கும் 'இடையகம்' என்ற சொல்லோடும் முட்டிக்கொள்கிறது.

மூன்றாவது 'பதுக்ககம்'. இங்கேதான் எனக்கு மனம் நிற்கிறது. பதுங்கு, பதுக்கு என்பது ஒதுங்கு, ஒதுக்கு போன்ற இணை. தானே ஒளிந்தால் பதுங்குவது. இன்னொன்றை ஒளித்தால் பதுக்குவது. கோப்பு பதுங்குகிறது, செயலி பதுக்குகிறது. பிரெஞ்சுச் சொல்லின் பொருள் அப்படியே வந்துவிட்டது. 'புலி பதுங்குவது பாய்வதற்கே' என்பார்களே, கேஷ் செய்யும் வேலைக்கு அதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடையாது. கேட்டவுடன் பாய்ந்து வரத்தான் கோப்பு பதுங்கியிருக்கிறது.

சொல்லின் வயதும் குறைந்ததல்ல. சங்கப் பாடல்களில் 'பதுக்கை' வருகிறது. பாலை வழியில் அம்பு பட்டு இறந்தவரின் உடல்மேல் கல்லையும் தழையையும் குவித்து மூடிய மேடு அது. புறநானூற்றின் 264ஆம் பாடலில், பரற்கற்கள் நிறைந்த இடத்தில் பதுக்கை எழுப்பி வீரனுக்குக் கல் நட்டதைப் பார்க்கலாம். மண்ணில் குழி தோண்டிப் புல்லால் மூடிய வேட்டைக்காரனும், கல்லைக் குவித்து மூடிய பாலை நிலத்தவனும் வெவ்வேறு காரணத்துக்காகச் செய்தது ஏறக்குறைய ஒன்றே.

பதுக்கல் என்றாலே அரிசிப் பதுக்கலும் கள்ளச் சந்தையும் நினைவுக்கு வருமே என்று கேட்கலாம். வரும். 1955இன் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தின் கீழ் நடக்கும் ஒவ்வொரு சோதனைச் செய்தியிலும் இந்தச் சொல்தான். ஆனால் ஆங்கிலக் கேஷும் சுத்தமான சொல் இல்லை; பதுக்கி வைத்த ஆயுதங்களுக்கும் அங்கே அதே பெயர்தான். தவிர, சொல்லாமல் கொள்ளாமல் 3 ஜிபியை அமுக்கி வைத்த செயலிக்குக் கொஞ்சம் கெட்ட பெயர் வந்தால் என்ன?

எனக்கு இடிப்பது 'பதுக்ககம்' என்ற வடிவம்தான். 'க்கக' என்று நாக்கு தடுக்குகிறது. 'பதுக்ககத்தைக் காலி செய்' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். நினைவகத்தின் பகுதியைச் சுட்டும்போது பாடநூலில் அது இருக்கட்டும். திரையில் இருக்கும் பொத்தானுக்குப் 'பதுக்கலை அழி' போதும். பக்கத்துப் பொத்தானோடு குழப்பமும் வராது.

எது பதுக்கல், எது இல்லை என்பதிலும் தெளிவு வேண்டும். வாட்ஸப்பில் வந்து விழுந்த படங்களும் காலை வணக்கங்களும் பதுக்கல் அல்ல. அவை உங்கள் கோப்புகள், அழித்தால் அழிந்ததுதான். நீங்களே ஆஃப்லைனில் இறக்கி வைத்த வீடியோவும் அப்படியே. டெலிகிராமில் கணிசமான பகுதி பதுக்கல். அழித்தாலும் அவர்களுடைய சர்வரிலிருந்து திரும்ப வரும். ஐபேடில் எல்லாச் செயலிக்கும் பொதுவான கேஷ் பொத்தான் கிடையாது. சஃபாரி உலாவிக்கு உண்டு. மற்றவற்றுக்கு, ஐஓஎஸ் 11 முதல், செயலியை மட்டும் நீக்கிவிட்டு அதன் தரவை வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. 'ஒரே தட்டலில் சுத்தம்' என்று விளம்பரம் செய்யும் க்ளீனர் செயலிகளை நம்பி இடத்தை இழக்காதீர்கள். இன்றைய ஆண்ட்ராய்டில் சாதாரணச் செயலி ஒன்றுக்கு இன்னொன்றின் பதுக்கலை நேரடியாகத் தொட அனுமதி இல்லை. தினமும் அழிப்பதும் வீண். கடுகுக்காகத் தினமும் பரண் ஏறுவது போல, அதே கோப்பை மறுபடி இறக்க உங்கள் டேட்டாதான் செலவாகும்.

ஊருக்குப் போன பத்தாம் நாள் பெண்ணிடமிருந்து குரல் செய்தி வந்தது. "அத்தை, இன்னைக்கு ரெய்டு போனேன். ரெண்டு ஆப்ல மட்டும் 1 ஜிபி பதுக்கல் சிக்கிச்சு!"