இட்டாலிக்: சாய்வெழுத்து என்றால் போதுமா?

'போல்டு இட்டாலிக் டிஸ்ப்ளே' என்கிற எழுத்து வகையைத் தமிழில் எப்படிச் சொல்வது? முதலில் இட்டாலிக். பெயரிலேயே நாடு இருக்கிறது. லத்தீனில் 'இத்தாலிகுஸ்' என்றால் இத்தாலியைச் சேர்ந்தது. வெனிசில் ஆல்டுஸ் மனுட்டியுஸ் நடத்திய அச்சகத்துக்காக ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய அச்செழுத்து இது. 1501-இல் வெளிவந்த, பழைய ரோமக் கவிஞர் வெர்ஜிலின் கவிதை நூல் முழுக்க இதில்தான் அச்சானது. நாட்டின் பேரை வைத்தது மற்ற நாட்டார்தான். இத்தாலியர்கள் இதை 'கோர்சீவோ' என்கிறார்கள். ஓடுகிற எழுத்து என்று பொருள்.

அந்தப் பெயர்தான் விஷயத்தைத் தொடுகிறது. அன்றைய படிப்பாளிகள் வேகமாக எழுதிய கையெழுத்தை கிரிஃபோ உலோகத்தில் வடித்தார். சாய்வு அந்த வேகத்தோடு வந்தது, அவ்வளவே. அவருடைய முதல் இட்டாலிக்கில் ஆங்கிலத்தில் நாம் 'கேப்பிட்டல்' என்கிற பெரிய எழுத்துகள் சாயவே இல்லை! இன்றும் நல்ல இட்டாலிக்கை அடையாளம் காண ஆங்கிலச் சிறிய 'ஏ'யை (a) பார்த்தால் போதும். நேர் வடிவில் இரண்டு மாடியாக நிற்பது, இட்டாலிக்கில் கையால் எழுதினாற்போல ஒற்றை வயிறாகிவிடும்.

நேர் எழுத்தை அப்படியே தள்ளிச் சாய்த்தால் அது 'ஆப்ளிக்'. தமிழில் இரண்டையுமே சாய்வெழுத்து என்கிறோம். வழக்கில் ஊன்றிவிட்ட சொல், மாற்ற வேண்டியதில்லை. பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் இட்டாலிக்கை 'கையோட்டச் சாய்வு' என்று சொல்லலாம் என்பது என் யோசனை. 'போல்டு'க்குத் தடித்த எழுத்து சரி. 'டிஸ்ப்ளே'யைக் 'காட்சி எழுத்து' என்று பெயர்ப்பதுதான் உறுத்துகிறது. தலைப்பிலும் சுவரொட்டியிலும் பெரிய அளவில் வருவதற்கென்றே வரைந்தது அது. தலைப்பெழுத்து என்றாலே விளங்கும்.

ஆக, 'போல்டு இட்டாலிக் டிஸ்ப்ளே' என்பது தடித்த சாய்வுத் தலைப்பெழுத்து. இதை வரைவது லேசான வேலை இல்லை. தடிமன் கூடினால் எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம் அடைபடும். கணினியில் வெறுமனே சாய்த்தால் ஆங்கில 'ஓ'வின் (O) வட்டம் வலது மேல்பக்கமும் இடது கீழ்ப்பக்கமும் பருத்து, எதிர்ப் பக்கங்களில் மெலியும். அதைக் கையால்தான் திருத்த வேண்டும். திருத்தி அமைந்துவிட்டால் அதட்டலும் அவசரமும் ஒன்றாக வரும். பந்தயக் கார், விளையாட்டுச் சட்டை, தள்ளுபடி விளம்பரம் எல்லாம் இதைத் தேடிப் போவது அதனால்தான். அமெரிக்கக் கலைஞர் பார்பரா க்ரூகர் கறுப்பு வெள்ளைப் படங்களின்மேல் சிவப்புப் பட்டை போட்டு, ஃபியூச்சரா என்கிற எழுத்துருவின் போல்டு ஆப்ளிக்கில் வெள்ளை வாசகங்கள் வைத்தார். படத்தை முந்திக்கொண்டு எழுத்து பேசும்.

தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனிச் சாய்வு வடிவம் கிடையாது. பொத்தானை அழுத்தினால் மென்பொருளே தள்ளிச் சாய்க்கிறது. 'கீ'யின் மேல்சுழி அடுத்த எழுத்தின் தலையில் போய்ச் சாயும். தலைப்பில் ஓரிரு சொற்கள் என்றால் எழுத்து இடைவெளியைச் சற்றுக் கூட்டிச் சமாளிக்கலாம். பத்தி முழுக்க வேண்டாம், கண் வலிக்கும்.