அலையை நிறுத்தினால்தான் கோபுரத்தைத் தொட முடியும்

திருச்சிராப்பள்ளி வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு 320.5 மீட்டர், அதாவது 936 கிலோஹெர்ட்ஸ் என்ற அறிவிப்பு மனப்பாடம். அந்த மீட்டர் கணக்கு வானொலி அலையின் நீளத்தைக் குறிக்கிறது. அதில் கால் பங்கு, ஏறத்தாழ 80 மீட்டர், அந்த அலையைத் திறம்பட வீசக்கூடிய செங்குத்தான கம்பத்தின் உயரமாகும். எஃப்எம் நிலையத்தில் கோபுரத்தின் வேலை, உச்சியில் பொருத்திய ஆண்டெனாவைத் தாங்கி நிற்பதுதான். மத்திய அலையில் இயங்கும் பெரும்பாலான ஏஎம் நிலையங்களிலோ, அடி முதல் நுனி வரை கோபுரமே ஆண்டெனா. பராமரிப்பு என்று வந்தால் ஏஎம் ஒலிபரப்பை அடியோடு நிறுத்த வேண்டியிருப்பதற்கு முதற்காரணம் இதுவே.

இத்தகைய கோபுரம் பெரும்பாலும் நேரடியாகத் தரையில் ஊன்றப்படுவதில்லை. பல டன் எடையுள்ள இரும்புச் சட்டகம் முழுவதும் ஒரு பீங்கான் இன்சுலேட்டரின் மேல் நிற்கிறது. சாய்ந்துவிடாமல் அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிகளிலும் இடையிடையே இன்சுலேட்டர்கள் உண்டு. உச்சியில் எரியும் சிவப்பு எச்சரிக்கை விளக்குக்குக்கூட மின்சாரத்தைச் சாதாரணக் கம்பி வழியாக நேராகக் கொண்டுபோக முடியாது. சங்கிலிக் கண்ணிகளைப் போல ஒன்றுக்குள் ஒன்று நுழைந்தும், ஒன்றையொன்று தொடாமலும் நிற்கும் இரண்டு வளையச் சுருள்களைக் கொண்ட டிரான்ஸ்பார்மர் வழியாக அது கோபுரத்துக்குத் தாவுவது ஒரு வழக்கமான ஏற்பாடு. ஒலிபரப்பு நடக்கும்போது தரையில் நின்றபடி ஒருவர் கோபுரத்தைத் தொட்டால், உயர் அதிர்வெண் மின்னோட்டம் அவர் உடல் வழியே மண்ணுக்குப் பாயும். அதனால் உண்டாகும் தீக்காயம் தோலுக்கு மேல் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும், உள்ளே தசை வரை வெந்திருக்கக்கூடும். ஆகவே விளக்கு மாற்றவும், வண்ணம் பூசவும், துருப்பிடித்த போல்ட்டை மாற்றவும் ஆள் ஏற வேண்டுமானால், முதலில் அலை நிற்க வேண்டும்.

எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது என்று கணக்கிட்டுப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். கால் அலைக் கோபுரத்தின் அடியில் மின்தடை சுமார் 36 ஓம் இருக்கும். அதில் 100 கிலோவாட் ஆற்றலைச் செலுத்தினால் 50 ஆம்பியருக்கும் சற்று மேலாக மின்னோட்டம் ஓடும். இணைப்பு ஒன்று லேசாகத் தளர்ந்து, அங்கே வெறும் 0.1 ஓம் மின்தடை கூடினாலும், அந்த ஒரே இடத்தில் 250 வாட்டுக்கு மேல் வெப்பம் பிறக்கிறது. அது ஒரு சிறிய சால்டரிங் அயர்னின் வெப்பத்தைப் போலப் பல மடங்கு. பேச்சும் இசையும் உரத்து ஒலிக்கும் கணங்களில், முழுப் பண்பேற்றத்தின்போது, அதாவது ஒலி அந்த அலையின் வலிமையை முழு அளவில் ஏற்றி இறக்கும்போது, உச்ச மின்னழுத்தம் இரு மடங்காகிவிடுவதால், தூசியும் கடற்காற்றின் உப்பும் படிந்த இன்சுலேட்டரில் பொறி பறப்பது பெரும்பாலும் அத்தகைய கணங்களில்தான். இன்சுலேட்டரைத் துடைப்பதும், இணைப்புகளை இறுக்குவதும், மின்னல் தாவி மண்ணுக்குப் போவதற்காக அடியில் வைத்திருக்கும் இரண்டு உலோகக் குண்டுகளின் இடைவெளியைச் சரிபார்ப்பதும் சிறு வேலைகளாகத் தோன்றலாம். தள்ளிப்போட முடியாத வேலைகள் அவை.

மண்ணுக்கடியிலும் ஆண்டெனாவின் மறுபாதி இருக்கிறது. கோபுரத்தடியிலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப் போல நாற்புறமும் புதைக்கப்படும் செப்புக் கம்பிகளே அந்தப் பாதி. 1937இல் அமெரிக்க வானொலி நிறுவனமான ஆர்சிஏவின் ஜார்ஜ் பிரௌனும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு, 120 கம்பிகள் என்பது பரவலான வழக்கமாயிற்று. 936 கிலோஹெர்ட்ஸுக்கு அத்தனை கம்பிகளையும் கோபுரத்தைப் போலவே தலா 80 மீட்டர் நீளத்தில் அமைத்தால் 9 கிலோமீட்டருக்கு மேல் செம்பு வேண்டும். மண்ணின் அரிப்பும் செம்புத் திருட்டும் இந்தக் கம்பிகளைக் குறைத்துக்கொண்டே வந்தால், ஆற்றல் வானில் பரவாமல் மண்ணைச் சூடாக்குவதில் வீணாகும்.

டிரான்ஸ்மிட்டரைப் பொறுத்தவரை இன்று நிலைமை இலகுவாகியிருக்கிறது. குறைகடத்திகளால் ஆன புதிய வகைகள் பலவற்றில், பழுதான மாட்யூலை ஒலிபரப்பை நிறுத்தாமலேயே கழற்றி மாற்றலாம். பழைய வால்வு டிரான்ஸ்மிட்டர்களில் பத்தாயிரம் வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருந்தது. சுவிட்சை அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால், எர்த் செய்த கொக்கிக் கோலால் ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டே பொறியாளர்கள் கை வைப்பார்கள். எத்தனை டிரான்ஸ்மிட்டர்களை மாற்றாக வைத்திருந்தாலும், கோபுரம் ஒன்றே என்றால் அதைத் தொட வேண்டிய நாளில் வேறு வழியில்லை.

இதற்கான நேரத்தை நாடுகள் தத்தம் வழக்கப்படி ஒதுக்கின. ஆகாசவாணி நிலையங்களில் நாளின் நிகழ்ச்சிகள் மூன்று ஒலிபரப்புகளாகப் பிரிந்திருந்ததால், நடுவே கிடைத்த இடைவெளிகளும் நள்ளிரவுக்குப் பிந்தைய மணிகளும் பொறியாளர்களுக்குப் பயன்பட்டன. ஜப்பானில் ஞாயிறு பின்னிரவில் ஒலிபரப்பை நிறுத்திப் பராமரிப்பது நெடுநாள் வழக்கம். தொலைதூர நிலையங்களைத் தேடிக் கேட்பவர்களுக்கு இந்த மௌனம் ஒரு வாய்ப்பு: இரவில் வானின் உயரத்தில் மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்தின் கீழடுக்கு மறைந்து, மத்திய அலைகள் அதன் மேலடுக்கில் பட்டுத் திரும்புவதால், உள்ளூர் நிலையம் அடங்கியதும் அதே அலைவரிசையில் நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள குரல் மேலெழும்.

வேலை முடிந்தவுடன் முழு ஆற்றலையும் செலுத்திவிடுவதில்லை. வானொலி அலையின் மின்னோட்டத்துக்குக் கோபுரம் காட்டும் எதிர்ப்பான மின்மறுப்பை அளந்து, குறைந்த ஆற்றலில் தொடங்கி, ஆண்டெனா ஏற்காமல் திரும்பி வரும் ஆற்றலைக் கவனித்தபடியே படிப்படியாக உயர்த்துகிறார்கள். முகப்பிசைக்குச் சற்று முன்பு, வீட்டிலிருக்கும் ரேடியோவின் இரைச்சல் திடீரென்று அடங்கி நிசப்தமாகும். நிகழ்ச்சி ஏறாத வெறும் ஊர்தி அலை அப்போது வந்து சேர்ந்திருக்கும்.