சோலைக்கிளி கிளியே இல்லை

‘நீலகிரி சோலைக்கிளி’, ‘வெண்வயிற்றுச் சோலைக்கிளி’ என்று இன்னும் எத்தனை பறவைப் பட்டியலில்தான் அச்சிடப் போகிறார்கள்? இவை கிளிகளே அல்ல. கருஞ்சிட்டின் குடும்பத்தைச் சேர்ந்த, 15 செ.மீ. நீளமுள்ள நீலநிறக் குருவிகள்.

2017இல் பறவை ஆய்வாளர் வி. வி. ராபின் குழுவினர் இவற்றுக்கென ‘ஷோலிகோலா’ என்ற தனிப் பேரினத்தை அமைத்தனர். ஷோலா நம் சோலை. லத்தீன் ‘கோலா’ குடியிருப்பது. ஆக, சோலைவாசி.

வம்பு ‘கிளி’யில். ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஷோலாகிளி’யில் இருப்பது மலையாளக் கிளி. மலையாளத்தில் அது சிறு பறவைகளுக்குப் பொதுச்சொல். நம் கிளி அங்கே ‘தத்த’. அவர்களுடைய ‘மஞ்ஞக்கிளி’ நம் மாங்குயில். அதை யாராவது ‘மஞ்சள் கிளி’ என்று எழுதுவார்களா? சோலைக்கிளிக்கு மட்டும் எழுத்துமாற்றமே மொழிபெயர்ப்பாகிவிட்டது. சோலையும் கிளியும் தமிழ்ச்சொற்களாயிற்றே என்பது சிலர் வாதம். தமிழ்ச்சொல்தான், பொருள்தான் வேறு. கிளி என்றதும் பச்சைச் சிறகும் வளைந்த சிவந்த அலகும் மனதில் வரும். பெயரை நம்பிப் போகிறவர் மர உச்சியை அண்ணாந்து பார்ப்பார். இதுவோ ஓடையோர இருட்டுப் புதரடியில், நெட்டைக் காலில் நிமிர்ந்து நின்று, சருகுக்குள் பூச்சி தேடும். கூடும் மரப்பொந்திலோ ஓடைக்கரைப் பொந்திலோதான்.

‘குறுஞ்சிறகன்’ என்பாரும் உண்டு. ‘ஷார்ட்விங்’ என்று ஆங்கிலத்தில் வழங்கிய காலத்து மொழிபெயர்ப்பு அது. அந்த இனத்திலிருந்தே இவற்றைப் பிரித்தாயிற்று. ‘சோலைப்பாடி’யும் ஆகாது, அது ஷாமா என்ற வேறொரு பறவையின் பெயர். தேன்சிட்டு, தையல்சிட்டு, கருஞ்சிட்டு வரிசையில் ‘சோலைச்சிட்டு’ என்றால் உருவம், இடம் இரண்டும் விளங்கும்.

‘வெண்வயிறு’ம் அடையாளத்துக்கு உதவாது, இரண்டுக்குமே வயிற்று நடுப்பகுதி வெள்ளைதான். விலாவைப் பாருங்கள்: பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே வாழும் நீலகிரி இனத்துக்குச் செம்பழுப்பு, தெற்கே ஆனைமலை, பழனிமலைப் பக்கம் உள்ளதற்குச் சாம்பல்நீலம். ‘சாம்பல்விலாச் சோலைச்சிட்டு’ என்பதே பொருந்தும்.

இதே கூட்டம்தான் ‘ஷோலா காடுகள்’ என்றும் எழுதுகிறது. பழமுதிர்சோலையும் மாலிருஞ்சோலையும் உள்ள மொழியில், ஆங்கிலேயர் நம்மிடம் கேட்டுப் போன சொல்லை அவர்கள் உச்சரிப்போடு திருப்பி வாங்குகிறோம். போதாக்குறைக்கு, புல்வெளியில் நட்ட சீகை (வாட்டில்) மரத் தோப்புக்கும் ‘ஷோலா’ என்று படக்குறிப்பு. மலைமடிப்புகளில், ஓடையை ஒட்டி, குட்டை மரங்களும் பாசி போர்த்த கிளைகளுமாக நெருங்கி நிற்பதே சோலை. சுற்றிலும் கிடக்கும் புல்வெளி அதன் அழிவில் உண்டானதல்ல, அதன் ஆதிப் பக்கத்துவீடு.