ஓவியப் பீரியடில் கணக்கு நடத்தினால் யாரிடம் கேட்பது?

அரசுப் பள்ளியில் ஏழாவது படிக்கும் பிள்ளை ஒருத்தியின் ஓவிய நோட்டைப் பார்த்தேன். ஜூனில் ஒரு மாம்பழம், ஆகஸ்டில் தேசியக் கொடி, அப்புறம் கடைசி அட்டை வரை வெறும் வெள்ளைத் தாள். கால அட்டவணையில் மட்டும் வாராவாரம் ‘ஓவியம்’ இருக்கிறது. அவளுடைய அம்மா போய்க் கேட்டதற்கு, “மார்க் வாங்க வைக்கிறோமே, போதாதா?” என்று அனுப்பிவிட்டார்கள்.

போதாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, குழந்தைகள் செய்து பார்த்தும் தேடிக் கண்டுபிடித்தும் கற்க வேண்டும் என்கிறது. ஆனால் அந்த வரியை மட்டும் வைத்து மனு எழுதினால் “ஆவன செய்யப்படும்” என்பதோடு கதை முடிந்துவிடும். பிடி இருப்பது சட்டத்தின் கடைசியில் உள்ள இணைப்பில்: 6 முதல் 8 வரையான வகுப்புகளில் நூறு பேருக்கு மேல் படித்தால் கலை, உடற்கல்வி, கைத்தொழில் மூன்றுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும்.

பலரும் சறுக்குவது அந்த நூறில்தான். பள்ளி மொத்தத்தையும் எண்ணாதீர்கள். சரியாக நூறு என்றாலும் கிடையாது, 101 வேண்டும். சின்னப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிரேயான் எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ! ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டால் இந்தச் சட்டமே பேசாது.

அடுத்த பதில், “ஆள் இருக்கிறாரே.” தமிழ்நாட்டில் 2012இல் நியமித்த பகுதிநேர ஆசிரியர்களுக்கு வாரத்தில் மூன்று அரை நாள்தான் வேலை. பதிவேட்டில் பெயர் இருப்பது வேறு, உங்கள் பிள்ளையின் வகுப்பில் அவர் நிற்பது வேறு.

அதனால் முதலில் பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். மூன்று வகுப்புகளின் மாணவர் எண்ணிக்கை, கால அட்டவணையின் நகல், பயிற்றுநரின் வருகைப் பதிவேட்டு நகல், இவ்வளவு போதும். “ஏன் நடத்தவில்லை?” என்று கேட்காதீர்கள். காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். பதில் தர 30 நாள்.

பிறகு கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின் கீழ் புகார். “படைப்பாற்றலை வளர்க்கவில்லை” என்று எழுதினால் பயனில்லை. “7-பி, புதன் ஆறாவது பீரியட், ஓவியத்துக்குப் பதில் கணக்கு” என்று தேதி தேதியாக எழுதுங்கள்.

புகாரை வாங்க வேண்டியது உள்ளாட்சி அமைப்பு. அங்கே போனால் “கல்வி அலுவலகத்தைப் பாருங்கள்” என்பார்கள், கல்வி அலுவலகத்தில் இதையே திருப்பிச் சொல்வார்கள். பள்ளியை நிர்வகிக்கும் அமைப்பும் ‘உள்ளாட்சி அமைப்பு’க்குள் அடங்கும் என்று 2ஆம் பிரிவே சொல்கிறது. அலையாமல் ஒரே புகாரை ஒரே நாளில் இருவருக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். முடிவு சரியில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு.

புகார் கொடுத்தால் பிள்ளையைப் பழிவாங்குவார்களோ என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம் என்பதே சட்டம். தாய்மாமாவோ பக்கத்து வீட்டுக்காரரோ கையெழுத்துப் போடட்டும். பிள்ளையின் பெயரை எழுதாதீர்கள், வகுப்பும் பிரிவும் போதும்.